தொடக்க விலையும் பின்கதவும்

சியரா என்ற பெயர் இந்தியச் சாலைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. டாடா நிறுவனம் 1991இல் வெளியிட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறுத்திவிட்ட கார் அது. 2020ஆம் ஆண்டின் வாகனக் கண்காட்சியில் மின்சாரக் காருக்கான கருத்துருவாக மீண்டும் தலைகாட்டியது. 2025 நவம்பர் 25 அன்று 11.49 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் பெட்ரோல், டீசல் வடிவங்களில் விற்பனைக்கு வந்தது. மின்சாரத்துக்கென்று முதலில் வரையப்பட்ட காரின் மின்சார வடிவம் மட்டும் இன்னும் வரவில்லை.

அதற்காகக் காத்திருப்பவர்களில் ஒருவர் புனேயில் ஓர் ஆய்வு மாணவர் விடுதியில் இருக்கிறார். மராத்தியர், இருபத்தொன்பது வயது, லித்தியம் மின்கலங்களின் நேர்மின்முனைப் பொருள்களை ஆராய்பவர். ஆய்வகத்தில் மின்கலத்தை மில்லிகிராம் கணக்கில் எடைபோடுகிறவர், அறைக்குத் திரும்பியதும் அதே மின்கலத்தை லட்சம் கணக்கில் எடைபோடத் தொடங்கிவிடுவார். அவருடைய கணக்கேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது கார் விலை அன்று, உதவித்தொகை. முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அடுத்த மூன்றாண்டுகள் மாதம் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி நீங்கலாக, ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் சரியாக 24 லட்சம். 2025 ஜூனில் வெளியான ஹாரியர் மின்சாரக் காரின் தொடக்க விலை 21.49 லட்சம். ஐந்தாண்டுகள் உண்ணாமல், உடுக்காமல், ஒரு நூலும் வாங்காமல் ஆய்வு செய்தால் ஒரு காரும் அதற்கான காப்பீடும் கிடைக்கும்.

வாங்க இயலாத பொருளைப் பற்றி இத்தனை சிந்தனை எதற்கு என்று விடுதியில் கேட்பவர்கள் உண்டு. அவரிடம் தெளிவான விடை இருக்கிறது: வாங்கப்போகிறவர் அவருடைய தந்தையார். புனேயிலிருந்து மும்பைக்கும் மகாபலேஷ்வருக்கும் வாடகைக் கார் ஓட்டுகிறவர் அவர், வயது ஐம்பத்தெட்டு. இப்போதைய டீசல் வண்டியை அடுத்த ஆண்டு மாற்றியாக வேண்டும். "இன்னும் மூன்றாண்டு ஓட்டுவேன், அதற்குமேல் முதுகு ஒத்துழைக்காது" என்று சொல்லிவிட்டார். எந்த வண்டி என்பதை முடிவு செய்யும் பொறுப்பை மகனிடம் விட்டிருக்கிறார். ஆர்வமாக இருந்தது கடமையாகிவிட்டது.

பழைய சியராவை ஒருமுறை பார்த்தவர் மறக்காத உறுப்பு அதன் பின்பக்கக் கண்ணாடி. பக்கச்சுவரில் தொடங்கி மேலே வளைந்து கூரையைத் தொடும் அகன்ற ஒற்றைக் கண்ணாடி அது. அந்த வளைவுக்கு ஒரு விலை இருந்தது. கண்ணாடி இறங்காது, பின்னிருக்கைக்குக் கதவும் கிடையாது. முன்கதவைத் திறந்து, முன்னிருக்கையை மடித்து, குனிந்து நுழைய வேண்டும். புதிய சியராவில் பின்கதவுகள் வந்துவிட்டன. கதவு வந்தால் அதற்குச் சட்டம் வேண்டும், தூண் வேண்டும், இறங்கும் கண்ணாடி வேண்டும். ஆகவே பழைய ஒற்றைக் கண்ணாடி இனி இயலாது. வடிவமைப்பாளர்கள் வேறு வழி கண்டார்கள். கூரையும் பின்பக்கக் கண்ணாடிகளும் ஒரே பளபளப்பான கருமையில் இணைந்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய வளைவின் தோற்றத்தைத் தருகின்றன. வளைந்த கண்ணாடி போய்விட்டது. அது இருந்தது என்ற குறிப்பு நிற்கிறது.

இதைப் போலி என்று பழிப்பவர்களோடு அந்த ஆர்வலர் உடன்படுவதில்லை. மொழியைக் கவனிப்பவர்களும் உடன்பட வேண்டியதில்லை. வங்கியில் தரும் தாளைத் தமிழர் காசோலை என்கிறார்கள். அதில் பனையோலை எங்கும் இல்லை. எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய், தேங்காயைத் தழுவி, மண்ணெண்ணெயாகி, கச்சா எண்ணெய்வரை போய்விட்டது. மின்சாரத்தில் ஓடும் தொடர்வண்டியைப் புகைவண்டி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மராத்தியிலும் அதற்கு ஆக்காடி என்ற பெயர் உண்டு. நெருப்பு வண்டி என்பது பொருள். நெருப்பும் புகையும் போன பின்பும் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடு இழுத்தபோதும், நீராவி இழுத்தபோதும், பெட்ரோல் இழுத்தபோதும் தமிழில் அது வண்டிதான், மராத்தியில் காடிதான். செயல் நின்ற பின்னும் வடிவம் நினைவாக வாழ்வது மொழியின் இயல்பு. அதே இயல்பு தகட்டிலும் கண்ணாடியிலும் தென்படுவதில் குற்றம் இல்லை. யாரையும் அது ஏமாற்றுவதும் இல்லை: அருகில் வந்து பார்க்கும் எவருக்கும் கதவு தெரியும்.

அவருடைய குறை வேறிடத்தில் இருக்கிறது. மின்மோட்டார் சிறியது, கியர்ப்பெட்டி எளியது, புகைபோக்கி தேவையில்லை. மின்கலம் தரைக்கடியில் பலகைபோல் படுத்துக்கொள்ளும். தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்காக மட்டும் வடிவமைத்தால் சக்கரங்களை மூலைகளுக்குத் தள்ளி, முன்மூக்கைச் சுருக்கி, மிச்சமாகும் நீளத்தை அமர்பவர்களுக்குத் தரலாம். ஒரே உடலைப் பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றுக்கும் பொதுவாக்கும்போது, எஞ்சினுக்காக ஒதுக்கிய இடம் எஞ்சின் இல்லாத காரிலும் தொடரும். செலவைக் குறைக்கும் முறை என்பதால் அதை அவர் ஏற்கிறார். ஆனால் குறைந்த செலவு விலையிலும் தெரிய வேண்டும் என்கிறார். வடிவமைப்பிலிருந்து அவர் விலைக்கு நகரும் இடம் இதுதான்.

அதற்கு முன் தந்தையாரின் சியராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990களின் நடுவில், புனேயில் ஓர் ஆலை அதிகாரிக்கு அவர் ஓட்டுநராக இருந்தார். அதிகாரி வைத்திருந்தது சியரா. ஓட்டுநர் வைத்துக்கொள்ளும் இந்தியக் குடும்பங்களில் முதலாளியின் இடம் பின்னிருக்கை. அதற்கு எழுதப்படாத சட்டத்தின் வலிமை உண்டு. சியராவுக்கோ பின்கதவு இல்லை. ஒவ்வொரு முறையும் இருக்கையை மடித்துக் குனிந்து ஏறுவதற்கு அதிகாரியின் உடலும் கௌரவமும் இடம்தரவில்லை. ஆகவே முன்னால், ஓட்டுநருக்கு அருகிலேயே அமர்ந்தார். ஐந்தாண்டுகள் இருவரும் ஒரே சாலையை ஒரே உயரத்திலிருந்து பார்த்தார்கள். மராத்தியில் 'தூ' என்றால் நீ, 'தும்ஹி' என்றால் நீங்கள். முதலில் தூ என்று அழைத்த அதிகாரி, எந்த நாளில் என்று தந்தையாருக்கே நினைவில்லாத ஒரு நாளிலிருந்து தும்ஹி என்று அழைக்கத் தொடங்கினார். பின்னர் அந்தக் காரை விற்றுவிட்டு நான்கு கதவு வண்டி வாங்கியதும் அதிகாரி பின்னிருக்கைக்குப் போனார். தும்ஹி மட்டும் மாறவில்லை.

காரின் கதவு ஒரு முன்னிலைப்பெயரை மாற்றியது என்று எந்த ஆய்வேட்டிலும் நிறுவ முடியாது. பழகிய காலம், அதிகாரியின் வயது, அவருடைய நல்லியல்பு என வேறு காரணங்கள் இருக்கலாம். தந்தையார் நம்புவது கதவைத்தான். மகனின் கார் ஆர்வம் அந்த நம்பிக்கையிலிருந்து முளைத்தது.

இனி விலை. கார் விலையைச் சொல்லும் வாக்கியத்தில் எண்ணைவிட அடைமொழிகளுக்குக் கனம் அதிகம். தொடக்க விலை, ஷோரூம் விலை, அறிமுக விலை: ஒவ்வொன்றும் 'இதற்குமேல் உண்டு' என்பதைச் சொல்லாமல் சொல்லும் சொல். பதிவுக் கட்டணம், காப்பீடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சாலைவரி ஆகியவை பின்னால் வரிசையில் நிற்கும். 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது வாக்கியம் மேலும் பிளந்தது. கார் 9.99 லட்சம், மின்கலத்துக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. மின்கலத்தோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். வேறுபாடு 3.51 லட்சம், அதை வாடகையால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டும் பேராசிரியருக்கு அந்த எல்லையைத் தொடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். 30,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் காரர் மூன்றரை ஆண்டுக்குள் அதைக் கடந்துவிடுவார். அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருக்கு நட்டம். ஒரே வாக்கியம், கேட்பவரின் தொழிலைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

மின்சார சியராவின் விலை அறிவிக்கப்படாததால், ஆர்வலர் ஒப்புமையால் மதிப்பிடுகிறார். அதே நிறுவனத்தின் கர்வ் 2024இல் மின்சார வடிவத்தில் 17.49 லட்சத்திலும், பெட்ரோல் வடிவத்தில் 9.99 லட்சத்திலும் தொடங்கியது. இடைவெளி 7.50 லட்சம். மின்சாரக் கார்களின் அடிநிலை வகையில் வசதிகள் சற்று மிகுதி என்பதால் இந்த ஒப்புமை முழுமையானது அன்று. இருந்தாலும் அதையே சியராவுக்கும் கொண்டால் 11.49 லட்சத்தோடு 7.50 சேர்ந்து 18.99 லட்சம் ஆகிறது.

இந்த 7.50 லட்சமும் முழு உண்மையைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டரைவிட நீளமான பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு; மின்சாரக் கார்களுக்கு 5 விழுக்காடு. சியராவின் நீளம் 4.34 மீட்டர். வரியை நீக்கிப் பார்த்தால் பெட்ரோல் வண்டி 8.21 லட்சம், 18.99 லட்ச மின்வண்டி 18.09 லட்சம். மெய்யான இடைவெளி பத்து லட்சத்தை நெருங்குகிறது. அதில் ஏறத்தாழ இரண்டரை லட்சத்தை அரசு தன் வரியை விட்டுக்கொடுத்து மறைத்திருக்கிறது.

பத்து லட்சத்துக்குள் என்ன இருக்கிறது? அவருடைய துறை இங்கே உதவுகிறது. 2010இல் ஒரு கிலோவாட்மணி மின்கலத் தொகுப்பின் உலகச் சராசரி விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் 115 டாலர். இந்தியாவில் பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லை; எடைக்கு ஆற்றல் சற்றுக் குறைவு; ஆயுள் மிகுதி; வெப்பத்தைத் தாங்கும். 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குடினஃபின் ஆய்வகத்தில் 1990களில் உருவான பொருள் அது. முதல் சியரா சாலையில் ஓடிய அதே பத்தாண்டு. 55 கிலோவாட்மணித் தொகுப்பு என்று வைத்துக்கொண்டால், சராசரி விலையில் 5.4 லட்சம் ரூபாய் அளவில் வரும். எஞ்சுவது நான்கரை லட்சம். மோட்டாரும் மின்னணுக் கட்டுப்பாடுகளும் அதில் அடங்கும். ஆனால் எஞ்சினும் எரிபொருள் தொட்டியும் புகைபோக்கியும் இல்லாததால் மிச்சமாவதையும் கழிக்க வேண்டும். குறைவான எண்ணிக்கையில் விற்கும் பொருளின் மீது ஏற்றப்படும் ஆராய்ச்சிச் செலவு ஒரு பகுதி. மீதி, புதுமைக்கு ஒருவர் மகிழ்ந்து தரும் தொகை. அந்த மகிழ்ச்சி யாருக்கு இயலும் என்பதுதான் கேள்வி.

கணக்கேட்டின் அடுத்த பக்கம் இது. பெட்ரோல் லிட்டர் 104 ரூபாய், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய். மின்வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு 16 அலகு. வீட்டு மின்சாரம் அலகு 10 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.60 ரூபாய். மிச்சம் 6.40. ஏழரை லட்சத்தை மீட்க 1,17,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பேராசிரியருக்கு அது பதினான்கு ஆண்டுகளுக்கு மேல். தந்தையாருக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மின்சாரக் காரின் பொருளியல் அவருக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

ஆனால் தந்தையாரின் வீட்டில் வண்டி நிறுத்த இடம் இல்லை. வண்டி தெருவில் நிற்கிறது. தெருவில் மின்செருகி இல்லை. வழியிலுள்ள விரைவு மின்னேற்ற நிலையத்தில் அலகு 20 ரூபாய் என்றால் மிச்சம் 4.80ஆகச் சுருங்குகிறது. மீட்கும் தொலைவு 1,56,000 கிலோமீட்டராக நீள்கிறது, ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறது. அவர் ஓட்டப்போவதோ மூன்றாண்டுகள். சொந்த வாகனக் கொட்டகை உள்ளவர் குறைவாக ஓட்டுகிறார், மலிவாக மின்னேற்றுகிறார், விலை உயர்ந்தாலும் வாங்குகிறார். மிகுதியாக ஓட்டுகிறவர் சாலையோரத்தில் இருமடங்கு கொடுத்து மின்னேற்றுகிறார். தொடக்க விலையைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார். புகையைக் குறைப்பதற்காக அரசு வரியை விட்டுக்கொடுக்கும் காரை, குறைவாகப் புகை விடுகிறவரே முதலில் வாங்குகிறார். மின்சார சியராவின் விலையைப் பற்றி ஆர்வலர் சொல்ல விரும்புவது முழுவதும் இதில் அடங்கும்.

எத்தனை தூரம் ஓடும் என்ற கேள்விக்கும் விலையைப்போல் இரண்டு விடைகள் உண்டு. ஹாரியர் மின்சாரக் காரின் பெரிய மின்கல வகைக்குச் சான்றளிக்கப்பட்ட தொலைவு 627 கிலோமீட்டர். அதே நிறுவனம் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் என்று 'சி-75' என்ற பெயரில் கூறும் தொலைவு 480 முதல் 505 வரை. இந்த வேறுபாட்டைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் காட்டிவிடும்: அறுநூற்று இருபத்தேழு ஓடுமாம், நானூற்று எண்பது ஓடும். 'ஆம்' சேர்ந்தால் கேள்விப்பட்டது. சேராவிட்டால் சொல்கிறவர் பொறுப்பேற்கிறார். மராத்தியில் அதே வேலையை 'ம்ஹணே' செய்கிறது. நிறுவனமே இரண்டு எண்களையும் வெளியிடுவதை ஆர்வலர் பாராட்டுகிறார். தொலைவுக்கு வந்த நேர்மை விலைக்கும் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. தெருவில் நிறுத்தி, வெளியில் மின்னேற்றி, மூன்றாண்டு ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி மொத்தம் எவ்வளவு என்று ஒரு வரி இருந்தால் போதும்.

அந்த வரியை அவரே எழுதிப் பார்த்திருக்கிறார். பாதி மின்னேற்றம் உறவினர் வீட்டில், பாதி வெளியில் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் 5.60. மூன்றாண்டில் 90,000 கிலோமீட்டருக்கு 5.04 லட்சம். மறுவிற்பனை மதிப்பும் கடன் வட்டியும் இருபுறமும் சமம் என்று வைத்தால், மின்சார சியரா 16.53 லட்சத்தில் தொடங்கினால் தந்தையாருக்கு நட்டமில்லை. அதற்குமேல் நிபந்தனைகள் இரண்டு: மின்கல உத்தரவாதம் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அடிநிலை வகையிலும் விரைவு மின்னேற்ற வசதி இருக்க வேண்டும். வண்டியின் மற்ற குணங்களைப் பற்றி அவருக்கு ஐயமில்லை. கண்டாலா மலையிறக்கத்தில் டீசல் வண்டி பிரேக்கைத் தேய்த்து வெப்பமாக்கி வீணடிக்கும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்வண்டி மின்கலத்துக்கே திருப்பிவிடும். முப்பதாண்டுகளாக அந்தச் சரிவில் இறங்கியவருக்கு அதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

தந்தையாருக்கு வடிவமைப்பைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. புதிய சியராவின் உயர்வகைகளில், ஓட்டுநருக்கு அருகில் அமர்பவருக்கென்று தனியாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்தார். பின்கதவு வந்ததில் அவருக்கு வருத்தமில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் குனிந்து ஏற மாட்டார்கள். "பக்கத்தில் உட்காருகிறவருக்கும் திரை கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவர் எதற்குப் பேசுவார்?" என்று மட்டும் கேட்டார்.

மதிப்பிட்ட 18.99க்கும் தாங்கக்கூடிய 16.53க்கும் இடையில் 2.46 லட்சம் இருக்கிறது. ஆறு மாத உதவித்தொகைக்குச் சற்றுக் குறைவு. மகன் அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படிப்புக்குக் கொடுத்த பணத்தில் வண்டி வாங்குவதில்லை என்று தந்தையார் மறுத்துவிட்டார். ஆகவே விலை அறிவிக்கப்படும் நாளில் அந்த வீட்டில் அழகைப் பற்றிய பேச்சு இராது. முதலில் பார்க்கப்போவது பதினாறுக்குப் பின் வரும் புள்ளியையும், அதற்குப் பின்னுள்ள இரண்டு இலக்கங்களையும்தான்.